லினக்ஸ் பிசிக்கு மலிவான கிராபிக்ஸ் கார்டு: விலையைப் பார்க்கும் முன் எதைப் பார்க்கணும்?

"அக்கா, கார்டு போட்டதுக்கு அப்புறம்தான் கம்ப்யூட்டர் இன்னும் ஸ்லோவா இருக்கு!"

மருங்காபுரியில் இருக்கும் சித்தப்பா மகன் போனில் இப்படிச் சொன்னபோது முதலில் நம்பவில்லை. காசு கொடுத்து கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டால் வேகம் கூடத்தானே செய்யும்?

காதுகுத்து, கல்யாணம், கோயில் திருவிழா என்று சுற்றுவட்டாரத்தில் வீடியோ எடுத்து, எடிட் செய்து கொடுப்பது அவன் தொழில். வைத்திருப்பது ஏதோ ஒரு ஆபீஸில் கழித்துவிட்ட செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப். இன்டெல் ஐ5, ஆறாம் தலைமுறை பிராசஸர். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அந்த பிராசஸரை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. அதனால் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொண்டான். எடிட்டிங்குக்கு கேடன்லைவ். எல்லாமே ஓபன் சோர்ஸ். அதுவரை செலவு சைபர்.

'கிராபிக்ஸ் கார்டு போட்டா பறக்கும்' என்று யாரோ சொல்ல, பஸ் ஏறி திருச்சிக்கு வந்து, ஒரு கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த புது கார்டை வாங்கிப் போனான். ஜிடி 710. பில் போட்டால் திரும்ப எடுக்க மாட்டோம் என்றும் கடையில் சொல்லிவிட்டார்கள்.

கார்டில் பழுது எதுவும் இல்லை. தப்பு வேறு இடத்தில்.

அப்படி என்னதான் ஆச்சு?

அவன் பிராசஸருக்கு உள்ளேயே இன்டெல் ஹெச்டி 530 என்ற கிராபிக்ஸ் இருக்கிறது. எடிட் முடித்து வீடியோவை ரெண்டர் செய்யும்போது, ஹெச்264, ஹெச்265 ஃபைலாக மாற்றும் வேலையைச் செய்யத் தனி சர்க்யூட்டே அதில் உண்டு. யூடியூப் பார்த்து கேடன்லைவில் அந்த செட்டிங்கை ஏற்கெனவே போட்டு வைத்திருந்தான்.

புது கார்டைச் செருகியதும், மதர்போர்டின் பயாஸ் உள்ளே இருந்த இன்டெல் கிராபிக்ஸை அணைத்துவிட்டது. பல ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் இதுதான் இயல்பான செட்டிங். வந்த கார்டுக்கோ ஹெச்265 வீடியோவைப் பிரித்துப் படிக்கும் திறனே கிடையாது. அதற்குச் சரியான டிரைவரும் கிடைக்கவில்லை. விளைவு, மொத்த ரெண்டரிங் சுமையும் பிராசஸர் தலையில். காசு கொடுத்து ஒரு படி கீழே இறங்கியதுதான் மிச்சம்.

டிரைவர் ஏன் இவ்வளவு முக்கியம்?

விண்டோஸில் கார்டு வாங்கினால், கம்பெனி தளத்தில் டிரைவரை டவுன்லோடு செய்து போடுவோம். லினக்ஸில் கதை வேறு. பெரும்பாலான டிரைவர்கள் கெர்னல் என்னும் மையப் பகுதியிலேயே சேர்ந்து வரும். கார்டைச் செருகி ஆன் செய்தால் போதும்.

ஏஎம்டி, இன்டெல் கார்டுகள் இந்த வகை. தன் சிப்களின் தொழில்நுட்ப விவரங்களை ஓபன் சோர்ஸ் டெவலப்பர்களுக்குத் திறந்துவிடும் முடிவை ஏஎம்டி எடுத்தது 2007-இல். இன்றைய ஏஎம்டிஜிபியு டிரைவர் 2015-இல் கெர்னலுக்குள் வந்தது. 2017-இல் வந்த ஏஎம்டி கார்டு இன்றும் தனி டிரைவர் எதுவும் தேடாமல் ஓடுகிறது.

என்விடியா நீண்ட நாள் தன் டிரைவரைப் பூட்டியே வைத்திருந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012-இல் பின்லாந்து பல்கலைக்கழக நிகழ்ச்சி ஒன்றில் அந்த கம்பெனியை மேடையிலேயே திட்டியது டெக் உலகில் பிரபலம். 2022 மே மாதம்தான் டிரைவரின் கெர்னல் பகுதியை மட்டும் ஓபன் சோர்ஸாக வெளியிட்டது. அதுவும் ஜிடிஎக்ஸ் 16 வரிசை, ஆர்டிஎக்ஸ் 20 வரிசை, அதற்குப் பின் வந்தவற்றுக்கு மட்டுமே. மீதிப் பகுதி இன்றும் பூட்டுக்குள்தான்.

பூட்டிய டிரைவருக்கு ஆயுள் உண்டு. ஜிடி 710 சார்ந்த கெப்ளர் தலைமுறைக்கு 470-ஆம் வரிசை டிரைவர்தான் கடைசி. 2024-இல் அந்த ஆதரவும் முடிந்தது. அதற்குப் பின் வரும் புதுப் புது கெர்னல்களோடு அந்தப் பழைய டிரைவர் ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நுவோ என்ற ஓபன் சோர்ஸ் டிரைவரில் திரையில் படம் வரும், ஆனால் கார்டின் முழு வேகம் வராது.

அடுத்த முறை ஜிடி 1030, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 கார்டுகளுக்கு. இந்த பாஸ்கல் தலைமுறைக்கு 580-ஆம் வரிசையே கடைசி என்று 2025-இல் என்விடியா அறிவித்துவிட்டது. கடை அலமாரியில் பளபளவென்று புது டப்பாவில் இருப்பதால் கார்டு புதுசு என்று அர்த்தம் இல்லை. உள்ளே இருக்கும் சிப் எந்த வருஷத்தது என்று பாருங்கள்.

முதலில், கார்டு வேணுமா?

பிரவுசிங், ஆபீஸ் வேலை, கோடிங், யூடியூப் இவ்வளவுதான் என்றால் தேவையே இல்லை. பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸே போதும். விதிவிலக்கு, மாடல் எண் 'எஃப்' எழுத்தில் முடியும் இன்டெல் பிராசஸர்கள். அவற்றில் கிராபிக்ஸ் கிடையாது.

கேடன்லைவ் எடிட்டிங்கிலும் பெரும்பாலான வேலை பிராசஸரிடமே போகிறது. அங்கே ரேமைக் கூட்டுவதும், ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுவதும் மலிவு கார்டைவிட அதிகப் பலன் தரும். வீடியோவின் சின்ன நகலை வைத்து எடிட் செய்துவிட்டு, கடைசியில் ஒரிஜினலை ரெண்டர் செய்யும் 'பிராக்ஸி' வசதியும் உண்டு. அதற்குக் காசே வேண்டாம்.

கேம், பிளெண்டர் போன்ற 3டி வேலை, ஏஐ படிப்பு, இந்த மூன்றில் ஒன்று இருந்தால்தான் தனி கார்டு பற்றி யோசிக்க வேண்டும்.

கேபினெட்டைத் திறந்து பாருங்க

கார்டு தேடும் முன் மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது, எஸ்எம்பிஎஸ். மதர்போர்டு ஸ்லாட் ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து 6 பின் அல்லது 8 பின் வயர் வர வேண்டும். ஒல்லியான ஆபீஸ் டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் 180 முதல் 240 வாட் எஸ்எம்பிஎஸ்தான் இருக்கும். அந்த வயரே இருக்காது. பல மாடல்களில் கனெக்டரே வேறு மாதிரி என்பதால், சாதாரண எஸ்எம்பிஎஸ் வாங்கி மாற்றவும் முடியாது.

இரண்டாவது, உயரம். ஒல்லி கேபினெட்டுக்குள் 'லோ புரொஃபைல்' எனப்படும் பாதி உயரக் கார்டு மட்டுமே நுழையும்.

மூன்றாவது, யுபிஎஸ். அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் இதை மறந்துவிடக் கூடாது. கடைகளில் அதிகம் விற்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். 185 வாட் இழுக்கும் கார்டோடு பிராசஸரும் மானிட்டரும் சேர்ந்து ஓடும்போது கரண்ட் போனால், யுபிஎஸ் 'கீச்' என்று கத்திவிட்டு அணைந்துவிட வாய்ப்பு அதிகம். பாதி ரெண்டர் ஆன கல்யாண வீடியோவும் போச்சு.

சரி, எதை வாங்கலாம்?

*மானிட்டருக்குப் படம் வந்தால் போதும், சில லைட் கேம்கள்:* ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400. 53 வாட்தான், தனி வயர் வேண்டாம், லோ புரொஃபைலிலும் உண்டு, டிரைவர் தலைவலி இல்லை. ஆனால் இரண்டு குறைகள். வீடியோ என்கோடிங் வசதி இதில் இல்லை. பிசிஐஇ 3.0 ஸ்லாட் உள்ள பழைய மதர்போர்டில் வேகமும் குறையும். வீடியோ எடிட் செய்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

*பழைய ஆபீஸ் பிசியில் எடிட்டிங், கொஞ்சம் கேம்:* தனி வயர் கேட்காத 75 வாட் ஜிடிஎக்ஸ் 1650, அல்லது 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. இரண்டிலும் என்கோடர் உண்டு, லோ புரொஃபைல் மாடல்களும் உண்டு. 1650-இல் சில மாடல்கள் 6 பின் கேட்கும், கவனம். என்விடியாவா என்று பயப்பட வேண்டாம். மின்ட், உபுண்டுவில் நாலைந்து கிளிக்கில் டிரைவர் ஏறிவிடும். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் ரீஸ்டார்ட் ஆகும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும், அவ்வளவுதான்.

*ஓரளவு புது மதர்போர்டு, வீடியோதான் முக்கியம்:* இன்டெல் ஆர்க் ஏ380. 6 ஜிபி மெமரி, ஏவி1 என்கோடிங்கும் உண்டு. கெர்னல் 6.2 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பயாஸில் 'ரீசைசபிள் பார்' என்ற வசதி இல்லாவிட்டால் வேகம் நன்றாகவே அடிவாங்கும். ஆறாம் தலைமுறை பிசிக்கு இது சரிவராது.

*ஸ்டீமில் கேம்:* ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி மெமரி, 132 வாட். 8 பின் வயரும், குறைந்தது 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் தேவை.

*ஏஐ படிப்பு:* இங்கே மட்டும் என்விடியாதான் சுலபம். பெரும்பாலான பாடங்களும் புரோகிராம்களும் கூடா மென்பொருளை நம்பியே இருக்கின்றன. ஏஎம்டியின் மாற்றான ராக்எம், மலிவு கார்டுகள் பலவற்றை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. மெமரி அதிகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி நல்ல தொடக்கம். கற்றுக்கொள்ளும் நிலையில் இருந்தால் கூகுள் கோலாப்பின் இலவச சேவையிலேயே பல மாதம் ஓட்டலாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. அதிகம் கைமாறுவது ஆர்எக்ஸ் 580. லினக்ஸில் அருமையாக ஓடும். ஆனால் கிரிப்டோ மைனிங்கில் இரவு பகலாக உழைத்த கார்டாக இருக்கலாம். அவற்றில் பயாஸையே மாற்றி எழுதியிருப்பார்கள். '580 2048எஸ்பி' என்று விற்பதும் உண்டு. பெயரில் 580 இருந்தாலும் 2,304 கோர் இருக்க வேண்டிய இடத்தில் 2,048 மட்டுமே. திறனில் அது 570-தான்.

ஏமாறாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. லினக்ஸை இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவில் இருந்து ஓட்டலாம் அல்லவா? அந்தப் பென் டிரைவைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போங்கள். விற்பவர் கம்ப்யூட்டரில் செருகி, சிஸ்டம் விவரப் பக்கத்தில் கார்டின் பெயர் சரியாக வருகிறதா என்று பாருங்கள். ஒரு வீடியோவை முழுத் திரையில் பத்து நிமிஷம் ஓட விடுங்கள். கோடு விழுகிறதா, ஃபேன் அலறுகிறதா என்று தெரிந்துவிடும். 'அதெல்லாம் முடியாதுங்க' என்று சொன்னால், நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

புது கார்டு என்றால் ஜிஎஸ்டி பில் கட்டாயம். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் மிச்சமாகும் பணத்தைவிட, வாரன்டி பெரியது.

லினக்ஸ் நமக்குப் புதுசு இல்லை. தமிழக அரசு 2011-இல் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பலர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. இப்போது விண்டோஸ் 10 கைவிட்ட கம்ப்யூட்டர்களால் அந்தப் பக்கம் திரும்புகிறோம். ஓஎஸ் இலவசம் என்று மிச்சம் பிடித்த காசை, தவறான கார்டில் கொட்டிவிடக் கூடாது.

தம்பி விஷயத்துக்கு வருவோம். வீடியோ காலில் பார்த்துக்கொண்டே கார்டைக் கழற்றச் சொன்னேன். மானிட்டர் கேபிளை மறுபடியும் மதர்போர்டில் மாட்டினான். இன்டெல் கிராபிக்ஸ் உயிர் பெற்றது. பழைய ரெண்டர் செட்டிங்கும் வேலை செய்தது.

"அப்போ இந்தக் கார்டை என்னக்கா பண்றது?"

டிவி ஸ்டாண்டில் இப்போது அழகாக உட்கார்ந்திருக்கிறது. அடுத்து அவன் வாங்கப்போவது எஸ்எஸ்டி. மாடல் எண்ணை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத்தான் பஸ் ஏறுவதாகச் சொல்லியிருக்கிறான்.