படுக்கையில் இருப்போருக்கான கை கழுவும் வசதி: வீட்டில் செய்யக்கூடியவையும் சபையிடம் கேட்கக்கூடியவையும்

நடமாடக்கூடிய ஒருவர் ஒரு நாளில் எத்தனை முறை கை கழுவுகிறார் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. மலசலகூடம் சென்று வரும்போதும் உணவுக்கு முன்னும் பின்னும் நீர்க்குழாய் அருகிலேயே இருக்கிறது. பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, முற்றிய மூட்டுவாதம், இதய நோய் போன்றவற்றால் படுக்கையோடு தங்கிவிட்டவருக்கோ, பத்தடி தூரத்தில் உள்ள குழாயும் எட்டாத இடமே. அவருக்கு மருந்து நேரத்துக்குக் கிடைக்கிறது, உணவு கிடைக்கிறது, உடை மாற்றப்படுகிறது. கை கழுவுதல் மட்டும் பல வீடுகளில் மறந்துபோகிறது.

இங்கிலாந்தில் தமது வீட்டிலேயே முதியவரையோ நோயாளரையோ பராமரிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இவ்விளக்கம் எழுதப்பட்டுள்ளது. எவ்வகை உபகரணங்கள் உள்ளன, அவற்றைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எவ்வாறு, உள்ளூராட்சி சபையிடம் எவ்வுதவியைக் கேட்கலாம் என்பன கீழே தரப்படுகின்றன.

கைத் தூய்மை ஏன் முக்கியம்?

படுக்கையில் இருப்பவரின் கைகள் வெளியே எங்கும் செல்வதில்லை என்பதால் அவை சுத்தமாகவே இருக்கும் என்று எண்ணுவது தவறு. கட்டிலின் பக்கத் தடுப்பு, தொலைக்காட்சியின் தொலை இயக்கி, கைபேசி, சிறுநீர்க் குடுவை, உள்ளாடைப் பட்டி, பார்க்க வருவோரின் கைகள் என அவர் தொடுபவை பல. அதே விரல்களே பின்னர் கண்ணையும் வாயையும் புண்களையும் தொடுகின்றன. வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ வைரஸ் ஆரோக்கியமானவரை ஓரிரு நாட்கள் வருத்திவிட்டுப் போகலாம். பலவீனமான முதியவரையோ அது நீரிழப்புக்கு ஆளாக்கி மருத்துவமனைக்கு அனுப்பிவிடக்கூடும்.

தமிழ் வீடுகளில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வாழ்நாள் முழுவதும் சோற்றைக் கையால் பிசைந்து உண்டவர், கை கழுவ வழியில்லாததால் கரண்டிக்கு மாற வேண்டியிருக்கிறது. அல்லது பிறர் ஊட்டிவிட வேண்டியிருக்கிறது. கழுவாத கையால் உண்ண மனம் வராமல் ‘பசிக்கவில்லை’ என்று தட்டை ஒதுக்கும் முதியவர்களும் உண்டு. வழிபாட்டுக்கு முன் கை கழுவும் வழக்கம் உள்ளவர் அது இயலாதபோது வழிபாட்டையே தவிர்த்துவிடுகிறார். கை கழுவும் வசதி இவ்வாறு உணவோடும் சுயமரியாதையோடும் நேரடியாகத் தொடர்புடையது.

சவர்க்காரமும் நீரும், ஜெல்லும், ஈரத் துடைப்பான்களும்

இம்மூன்றும் ஒன்றுக்கொன்று முழுமையான மாற்று அல்ல.

சவர்க்காரமும் நீரும் அழுக்கையும் கிருமிகளையும் தோலிலிருந்து பிரித்து நீரோடு அகற்றுகின்றன. உணவுக்கு முன்பும், மலசலம் கழித்த பின்பும், கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரியும்போதும் இதுவே சிறந்தது.

அற்ககோல் கலந்த ஜெல்லில் குறைந்தது 60 சதவீத அற்ககோல் இருக்க வேண்டும். அழுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ உள்ள கையில் அது சரியாக வேலை செய்யாது. நோரோ வைரஸையும், அன்டிபயோட்டிக் மருந்து உட்கொண்ட முதியவர்களிடம் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் கிருமியின் வித்துகளையும் ஜெல்லை நம்பி அகற்ற முடியாது. வீட்டில் யாருக்கேனும் வயிற்றுப்போக்கு இருந்தால், நோயாளரும் பராமரிப்பவரும் சவர்க்காரமும் நீரும் கொண்டே கை கழுவ வேண்டும்.

ஈரத் துடைப்பான்களும், அலசத் தேவையில்லாத நுரைச் சுத்திகளும் இரவு நேரத்திலும், நோயாளர் மிகவும் களைத்திருக்கும்போதும் உதவும். பயன்படுத்திய துடைப்பான்களைக் குப்பைக் கூடையில் இட வேண்டும்; கழிப்பறையில் இட்டால் குழாய்கள் அடைபடும்.

உபகரண வகைகள்

*கிண்ணமும் குவளையும்:* மிக எளியதும் மலிவானதும் இதுவே. அகன்ற பிளாஸ்டிக் கிண்ணம், சிறு குவளை, நீர் புகாத விரிப்பு, சவர்க்காரம், இரண்டு துவாய்கள் ஆகியவை போதும். ஒரே கிண்ண நீரில் கையை நனைத்து எடுப்பதைவிட, கிண்ணத்தின் மேல் கையைப் பிடித்துக் குவளையால் நீர் வார்ப்பது மேல். அழுக்கு நீர் மீண்டும் கையில் படாது. விருந்தினருக்குச் செம்பில் நீர் வார்த்துக் கை கழுவவைத்த பழைய வழக்கமும் இதுவே. கிண்ணத்தை இதற்கென்றே ஒதுக்கி வைக்க வேண்டும். உடல் துடைக்கவும் பாத்திரம் கழுவவும் பயன்படுத்தலாகாது.

*கட்டில் மேசை:* கட்டிலுக்குக் குறுக்கே தள்ளிக்கொண்டு வரக்கூடிய, உயரத்தை மாற்றக்கூடிய சக்கர மேசை. கிண்ணத்தை மடியில் தாங்கிப் பிடிக்கும் சிரமத்தை இது நீக்குகிறது. ஒரு கை மட்டும் இயங்குபவர் தாமாகவே கழுவ முயல்வதற்கும் இது துணைபுரியும். சக்கரங்களின் பூட்டு வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

*குழாய் பொருத்திய நீர்க்கலன்:* அடியில் சிறு குழாய் உள்ள வெப்பங்காப்புக் கலனைக் கட்டிலருகே மேசையில் வைத்து, கீழே கிண்ணம் வைத்துப் பயன்படுத்தலாம். நீர் ஓடிக்கொண்டிருப்பதால் பராமரிப்பவரின் இரு கைகளும் உதவிக்குக் கிடைக்கின்றன.

*நடமாடும் கை கழுவும் தொட்டி:* சக்கரங்களுடன் கூடிய இதில் தூய நீருக்கு ஒரு கலனும் கழிவு நீருக்கு இன்னொரு கலனும் இருக்கும். கைப்பம்பி, கால்மிதி அல்லது மின்கலப் பம்பி மூலம் நீர் வரும். சிலவற்றில் சூடேற்றியும் உண்டு. வீட்டின் நீர்க்குழாயுடன் இணைக்கத் தேவையில்லை. ஆயினும் நீர் நிறைந்த தொட்டி கனமானது. 10 லீற்றர் நீரே 10 கிலோ எடையுள்ளது. அதை நிரப்புபவரும் வெறுமையாக்குபவரும் யார், அவருக்கு அந்தப் பலம் உண்டா, தொட்டி கதவு வழியே நுழையுமா, கட்டிலில் இருப்பவரின் கை அதன் விளிம்புக்கு மேல் எட்டுமா என்பவற்றைப் பார்த்த பின்னரே தீர்மானிக்க வேண்டும். கட்டிலின் ஓரத்திலோ சக்கர நாற்காலியிலோ உட்காரக்கூடியவருக்கே இது பெரிதும் பொருந்தும். முற்றாகப் படுத்திருப்பவருக்குக் கிண்ணமும் குவளையுமே பெரும்பாலும் வசதியானவை.

கழுவும் முறை

1. பராமரிப்பவர் முதலில் தமது கைகளைக் கழுவ வேண்டும். கையுறை அணிவது கை கழுவுவதற்கு மாற்று ஆகாது.

2. நோயாளரிடம் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, மார்பின் மேல் நீர் புகாத விரிப்பையும் அதன்மேல் துவாயையும் விரிக்க வேண்டும்.

3. மோதிரங்களையும் வளையல்களையும் கழற்ற முடிந்தால் கழற்ற வேண்டும். முடியாவிட்டால் அவற்றின் அடியில் சவர்க்காரம் படுமாறு அசைத்துக் கழுவ வேண்டும்.

4. கையை நனைத்துச் சவர்க்காரமிட்டு, உள்ளங்கை, புறங்கை, விரலிடை, பெருவிரல், நகநுனி என்ற ஒழுங்கில் குறைந்தது 20 விநாடிகள் தேய்க்க வேண்டும். பிறகு புதிய நீரை வார்த்து அலச வேண்டும்.

5. விரலிடைகளில் ஈரம் தங்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். ஈரம் தங்கினால் தோல் ஊறி வெடிக்கும். அவருக்கென்று தனித் துவாய் இருப்பது நல்லது.

பக்கவாதத்தால் இறுகி மூடிய கையை வலிந்து திறக்கலாகாது. மணிக்கட்டை மெல்ல உட்பக்கம் மடக்கினால் விரல்கள் சற்றுத் தளரும். அந்நிலையில் ஈரத்துணியை மெதுவாக உள்ளே செலுத்திச் சுத்தம் செய்யலாம். உள்ளங்கையில் நகம் பதிந்த புண்ணோ துர்நாற்றமோ இருந்தால் சமூகத் தாதியிடம் காட்ட வேண்டும்.

நோயாளர் தாமே செய்யக்கூடிய பகுதியை அவரிடமே விட்டுவிட வேண்டும். சவர்க்காரத்தை மட்டும் தேய்க்க முடிந்தாலும் அது அவருடைய செயல். மறதிநோய் உள்ளவருக்கு ‘கையைக் கழுவுங்கள்’ என்று சொல்வதைவிட, அவர் முன் நாம் கழுவிக் காட்டுவது எளிதில் விளங்கும். அவர் ஜெல்லைக் குடித்துவிடக்கூடும் என்பதால் அதனை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

சுடுநீரும் நெருப்பும்

பராமரிப்பு நிலையங்களில் கை கழுவும் தொட்டிக்கு வரும் நீரின் வெப்பம் 41 பாகை செல்சியஸுக்கு மேற்படாதிருக்குமாறு கட்டுப்படுத்தப்படுகிறது. வீட்டிலும் அதே அளவைக் கடைப்பிடிக்கலாம். குளிர்நீரை முதலில் ஊற்றி, பின்னர் சுடுநீரைச் சேர்த்து, தம் முழங்கையால் சோதித்த பிறகே நோயாளரின் கையில் வார்க்க வேண்டும். நீண்டகால நீரிழிவு உள்ளவர்களுக்கும் பக்கவாதத்தால் கை மரத்தவர்களுக்கும் சூடு தெரியாமல் போகலாம் என்பதால், ‘சுடுகிறதா?’ என்று அவர்களைக் கேட்பதை மட்டும் நம்பியிருக்க முடியாது. கேத்தலில் கொதித்த நீரைக் கட்டிலருகே கொண்டு வரவே கூடாது.

தவறிச் சுட்டுவிட்டால், அவ்விடத்தில் குளிர்ந்த நீரைக் குறைந்தது 20 நிமிடங்கள் தொடர்ந்து ஓடவிட வேண்டும். பற்பசை, வெண்ணெய், எண்ணெய் எதையும் பூசலாகாது. ஆலோசனைக்கு 111 என்ற இலக்கத்தையும், அவசர நிலையில் 999 என்ற இலக்கத்தையும் அழைக்க வேண்டும்.

அற்ககோல் ஜெல் தீப்பற்றக்கூடியது. கை முற்றாகக் காயும் முன் கற்பூரமோ விளக்கோ மெழுகுவர்த்தியோ ஏற்றலாகாது. வறண்ட தோலுக்குப் பூசும் களிம்புகள் துவாயிலும் படுக்கை விரிப்பிலும் ஊறிவிட்டால் அத்துணிகள் விரைவாகத் தீப்பிடிக்கும். எனவே கட்டிலருகே சுடர் விளக்குக்கும் ஊதுபத்திக்கும் பதிலாக மின்விளக்கை வைப்பது நல்லது. வீட்டில் ஒட்சிசன் பயன்படுத்துபவரின் அருகே எவ்வித நெருப்பும் கூடாது.

உபகரணத்தின் தூய்மை

நீரில் வளரும் லெஜியோனெல்லா என்னும் பக்டீரியா 20 முதல் 45 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் பெருகும். அந்நீர் நுண்துளிகளாகச் சிதறி மூச்சுடன் உள்ளே சென்றால் கடும் நுரையீரல் அழற்சி ஏற்படலாம். ஆகவே கலனிலோ தொட்டியிலோ வெதுவெதுப்பான நீரைத் தேக்கி வைக்கலாகாது. ஒவ்வொரு நாளும் இரு கலன்களையும் வெறுமையாக்கிக் கழுவி உலரவிட வேண்டும். கழிவு நீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாமல் கழிப்பறையில் ஊற்ற வேண்டும்.

சபையிடம் கேட்கக்கூடிய உதவி

இங்கிலாந்தின் 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின்படி, பராமரிப்புத் தேவை இருப்பதாகத் தோன்றும் வயதுவந்த எவருக்கும் உள்ளூராட்சி சபை தேவை மதிப்பீடு செய்ய வேண்டும். வருமானம் எவ்வளவாயினும் இம்மதிப்பீடு இலவசம். சபையின் வயதுவந்தோர் சமூகப் பராமரிப்புப் பிரிவை நோயாளரோ குடும்பத்தினரோ நேரடியாகத் தொடர்புகொள்ளலாம். குடும்ப வைத்தியரின் கடிதம் அவசியமில்லை.

உபகரணத் தேவைகளைப் பெரும்பாலும் ‘ஒக்குபேஷனல் தெரபிஸ்ட்’ எனப்படும் தொழில்வழிச் சிகிச்சையாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். எந்த உபகரணம் பொருத்தமானது என்பதை மதிப்பீட்டின் அடிப்படையில் அவர் பரிந்துரைப்பார். தகுதியானவை என ஏற்கப்படும் உதவிச் சாதனங்களும், 1,000 பவுண் வரை செலவாகும் சிறு வீட்டு மாற்றங்களும் இலவசமாகவே வழங்கப்பட வேண்டும். சாதனங்கள் வழக்கமாக இரவலாகத் தரப்படுவதால், தேவை முடிந்ததும் அவற்றைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் பேசச் சிரமப்படுவோர் முதல் அழைப்பிலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ மொழிபெயர்க்கவைப்பதை இயன்றவரை தவிர்க்க வேண்டும்; மலசலம் பற்றிய தேவைகளை முதியவர்கள் அவர்கள் முன் மறைத்துவிடுவதுண்டு.

பராமரிக்கும் மனைவி, கணவர், மகள், மருமகன் ஆகியோருக்கும் தனியான மதிப்பீடு கோரும் உரிமை உண்டு. ‘எங்கள் அம்மாவை நாங்கள்தானே பார்க்க வேண்டும்’ என்ற எண்ணத்தால் பலர் இதனைக் கேட்பதில்லை. கேட்பதால் பராமரிப்புப் பொறுப்பு அவர்களிடமிருந்து பறிக்கப்படுவதில்லை. முதுகுவலியும் தூக்கமின்மையும் அவர்களை வீழ்த்தும் முன் துணை கிடைக்க அது வழிசெய்கிறது.

சொந்தமாக வாங்க விரும்புவோர், நாட்பட்ட நோயாளருக்கும் மாற்றுத்திறனாளருக்கும் உரிய பெறுமதி சேர் வரி விலக்கைப் பற்றி விற்பனையாளரிடம் கேட்க வேண்டும். அவர்களுக்கென்றே வடிவமைக்கப்பட்ட சாதனங்களுக்கே இது பொருந்தும். எளிய உறுதிமொழிப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டியிருக்கும்.

அழைக்கும் முன் குறித்து வைக்க வேண்டியவை

• நோயாளர் உட்கார முடியுமா, எவ்வளவு நேரம்?
• எந்தக் கை இயங்குகிறது? உணர்ச்சி உள்ளதா?
• இப்போது நாளுக்கு எத்தனை முறை, எவ்வாறு கை கழுவுகிறார்?
• கையால் உண்ணுகிறாரா, உண்ண விரும்புகிறாரா?
• பகலிலும் இரவிலும் உதவுபவர் யார்? அவருடைய உடல்நிலை எவ்வாறு உள்ளது?
• கட்டிலைச் சுற்றியுள்ள இடத்தின் அகலமும் கதவின் அகலமும் எவ்வளவு?

நான்காவது கேள்வியைப் படிவங்கள் கேட்காமல் விட்டுவிடலாம். கையால் உண்பது ஒருவரின் அன்றாட வாழ்வின் பகுதி என்றால், அதனை மதிப்பீட்டாளரிடம் தெளிவாகச் சொல்லிப் பதிவுசெய்யுமாறு கேட்க வேண்டும். உணவுக்கு முன் கை கழுவும் வசதி ஏன் தேவை என்பதற்கு அதுவும் தகுந்த காரணமாகும்.