ரப்பர்மேல் நிற்கும் கட்டடமும் கணுக்களின் பதிவும்



ஒரு கட்டடம் எழும்புவதற்கு முன்பே, நிலநடுக்கம் வந்தால் அது எப்படி ஆடும் என்று பொறியியலாளர்கள் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கிறார்கள். அந்த ஆட்டத்தில் எதை, எந்த இடத்தில், எவ்வாறு குறித்துவைப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள். இது நமக்கு எட்டாத விஷயம் என்று பெற்றோர்கள் வானொலியை அணைத்துவிட வேண்டாம். இதில் ரப்பருக்குப் பெரும் பங்கு உண்டு. பால் ஸ்டோரில் நிறுவைக் கணக்கு எழுதிய கிராணியின் வேலைக்கும் இதற்கும் நெருங்கிய உறவும் உண்டு.

லாபு வட்டாரத் தோட்டங்களில் இன்று செம்பனையைத்தான் அதிகம் காண்கிறோம். நம் தாத்தா பாட்டி காலத்தில் இங்கே நின்றவை பால் மரங்கள். மலேசிய ரப்பரின்மேல் அந்நாளில் ஆராய்ச்சிக்கென்று ஒரு சிறு வரி பிடிக்கப்பட்டது. அந்தப் பணத்தில் வளர்ந்த ஆராய்ச்சிக் கூடங்களுள் ஒன்று, இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்டு நகருக்கு அருகே துன் அப்துல் ரசாக் பெயரால் அமைந்தது. கட்டடங்களைத் தாங்கும் ரப்பரை உருவாக்கும் பணி அங்கே நடந்தது. அதே காலத்தில், 1976 முதல், அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜேம்ஸ் கெல்லி என்பவர் ரப்பர் தாங்கிகளை ஆடும் மேடையில் வைத்துச் சோதித்துவந்தார். இந்த இரண்டு இடங்களின் உழைப்பும் ஒன்றுசேர்ந்து, 1985இல் கலிபோர்னியாவின் ரஞ்சோ குக்கமோங்கா என்னும் ஊரில் ஒரு நீதிமன்றக் கட்டடமாக எழுந்து நின்றது. சான் ஆண்ட்ரியாஸ் என்னும் பெரும் நிலப்பிளவிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், 98 ரப்பர் தாங்கிகளின்மேல் நிற்கிறது அந்த நான்கு மாடிக் கட்டடம். அமெரிக்காவில் இம்முறையில் எழுந்த முதல் கட்டடம் அதுவே. நம் நாட்டில் 2014 மார்ச் 1ஆம் நாள் திறக்கப்பட்ட பினாங்கு இரண்டாவது பாலத்திலும் இவ்வகை ரப்பர் தாங்கிகள் உள்ளன.

தாங்கி எப்படி வேலை செய்கிறது? குவே லாப்பிஸ் பலகாரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். ஓர் அடுக்கு ரப்பர், ஓர் அடுக்கு இரும்புத் தகடு, மறுபடியும் ரப்பர் என்று மாறி மாறி ஒட்டவைத்திருப்பார்கள். மேலிருந்து அழுத்தினால், ரப்பர் பிதுங்காதபடி தகடுகள் பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டில் தள்ளினாலோ ரப்பர் மெல்ல வளைந்துகொடுக்கும். ஆகவே, தரை வேகமாக ஆடினாலும் மேலே உள்ள கட்டடம் நிதானமாகவே ஆடும். சாதாரண நான்கு மாடிக் கட்டடம் ஒருமுறை ஆடி மீள அரை நொடி அளவு போதும். ரப்பரின்மேல் நின்றால் அதே ஆட்டத்துக்கு இரண்டு நொடி அளவு ஆகும்.

இப்பொழுது கணினிக்கு வருவோம். பெர்க்லியிலேயே 1990களில் ஒரு மென்பொருள் உருவாயிற்று. அதன் பெயர் ஓப்பன்சீஸ். கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் அது விலையின்றிக் கிடைக்கிறது. இதுபோன்ற மென்பொருளில் கட்டடத்தைத் தூண், உத்தரம், தாங்கி என்று பல உறுப்புகளாகப் பிரிப்பார்கள். உறுப்பும் உறுப்பும் சேரும் புள்ளிக்குக் கணு என்று பெயர் வைப்போம். மூங்கிலில் கணு இருப்பதுபோல என்று கொள்ளலாம். ஒவ்வொரு கணுவுக்கும் ஓர் எண் உண்டு. அது முன்பின், பக்கவாட்டு, மேல்கீழ் என மூன்று வழிகளில் நகரும். மூன்று வழிகளில் திரும்பும். ஆக, ஒரு கணுவுக்கு ஆறு அசைவுகள்.

1940 மே 18ஆம் நாள் கலிபோர்னியாவின் எல் சென்ட்ரோ ஊரில் பதிவான நிலநடுக்கத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வது இன்றும் வழக்கம். அதில் 30 நொடியை, நொடிக்கு 50 பங்காக வெட்டிக் கணக்கிட்டால் 1,500 படிகள் ஆகும். கட்டடத்தில் 600 கணுக்கள் இருந்தால், படிக்கு 3,600 அசைவுகள். எல்லாப் படிகளுக்கும் சேர்த்து 54 லட்சம் எண்கள். இடப்பெயர்ச்சி, வேகம், முடுக்கம் என்று மூன்றையும் கேட்டால் 1 கோடியே 62 லட்சம். இத்தனையையும் யார் படிப்பது? அதனால் கணினி தானாக எதையும் எழுதிவைப்பதில்லை. அடுத்த படியின் விடை வந்ததும் முந்திய படியின் விடையை விட்டுவிடும். நாம் எந்தக் கணுக்களைப் பெயர் சொல்லிக் கேட்டோமோ, அவற்றின் அசைவை மட்டும் கோப்பில் எழுதும். அப்படிக் கேட்கும் கட்டளைக்கு ரெக்கார்டர் என்று பெயர்.

இந்தக் கட்டளையில் கவனிக்கவேண்டியவை சில உண்டு.

முதலாவது, நேரம். கணக்கு ஓடத் தொடங்குவதற்கு முன்பே ரெக்கார்டரை அமைத்துவிட வேண்டும். மழை விட்ட பிறகு மழைமானியை வெளியில் வைத்தால் அதில் என்ன இருக்கும்? அதுபோல, ஆட்டம் முடிந்த பின் கொடுத்த கட்டளையால் பயனில்லை. கணக்கு முடிந்ததும் கோப்பை முறையாக மூடவும் வேண்டும். மூடாவிட்டால், கடைசி வரிகள் கோப்பில் வந்து சேராமல் இருப்பதுண்டு.

இரண்டாவது, இடம். ரப்பர்மேல் நிற்கும் கட்டடத்தில் முக்கியமான இடங்கள் மூன்று. தாங்கிக்குக் கீழே ஒரு கணு, தாங்கிக்கு மேலே ஒரு கணு, கூரையில் ஒரு கணு. கீழ்க்கணுவுக்கும் மேற்கணுவுக்கும் உள்ள இடப்பெயர்ச்சி வேறுபாடுதான் ரப்பர் எவ்வளவு இழுபட்டது என்று சொல்லும். கட்டடத்தைச் சுற்றி விட்ட இடைவெளி அதைவிடக் குறைவாக இருந்தால், கட்டடம் பக்கச் சுவரில் மோதும்.

மூன்றாவது, அடையாளம். ஓப்பன்சீஸ் எழுதும் கோப்பில் தலைப்பு இராது. வெறும் எண்கள்தான் வரிசையாக நிற்கும். நாம் கணுக்களைச் சொன்ன வரிசையிலேயே அவை வரும். கேட்டால்தான் முதல் நிரலில் நேரத்தையும் எழுதும். கிராணியின் கணக்குப் புத்தகத்தில் தேதியும் பெயரும் இல்லாமல் பாலின் நிறுவை மட்டும் இருந்தால், யாருடைய பால் என்று சம்பள நாளில் எப்படிச் சொல்வது? அதனால் எந்த நிரல் எந்தக் கணு என்று தனியே குறித்துவைப்பது அவசியம்.

நான்காவது, இடைவெளி. கோப்பைச் சிறிதாக்க நினைத்துப் பத்துப் படிக்கு ஒருமுறை மட்டும் எழுதச் சொன்னால், நடுவில் வந்துபோன உச்ச அசைவு தப்பிவிடலாம். பெரும அளவும் சிறும அளவும் மட்டும் போதுமென்றால் அதற்கென்று வேறு வகை ரெக்கார்டர் உண்டு. அது ஒவ்வொரு படியையும் பார்த்து, எல்லைகளை மட்டும் எழுதும். ஆனால் நேரத்தையும் எழுதச் சொல்லாவிட்டால், அந்த உச்சம் எந்த நொடியில் வந்தது என்பதை அதிலிருந்து அறிய முடியாது.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. இந்த அசைவு எதைப் பொறுத்தது என்னும் கேள்வி. லாபு நிலையத்தில் நிற்கும் இரயிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இரயில் புறப்படுகிறது. மேடையில் அசையாமல் நிற்கும் மனிதர் பின்னோக்கிப் போவதுபோல் தோன்றுகிறார். அவர் நகரவே இல்லை, நகர்ந்தது நீங்கள். தரை முழுவதும் ஒரேவிதமாக ஆடுவதாகக் கொண்டு கணக்கிடும்போது கணினி செய்வதும் இதுவே. அது தரையின்மேல் உட்கார்ந்துகொண்டு கட்டடத்தைப் பார்க்கிறது. நல்ல ரப்பரின்மேல் நிற்கும் கட்டடம் மேடை மனிதரைப்போல ஏறக்குறைய அசையாமல் நிற்க, அடியில் தரை மட்டும் விரைந்து ஆடும். கணினியின் பதிவிலோ, கூரைக்குப் பெரிய முடுக்கம் இருப்பதாக எண்கள் நிற்கும். தரையின் முடுக்கத்தையும் கூட்டி எழுதச் சொன்னால்தான் உண்மையான முடுக்கம் கிடைக்கும். அதற்கும் ரெக்கார்டரில் வழி இருக்கிறது.

இது தெரியாதவர் அந்த எண்களைப் பார்த்து என்ன சொல்வார்? ரப்பர் தாங்கி பயனற்றது என்று எழுதிவிடுவார். கணக்கும் சரி, ரப்பரும் நல்ல ரப்பர். பதிவைப் படித்த விதத்தால், உயிர்களைக் காக்கக்கூடிய பொருள் ஒதுக்கப்பட்டுவிடும்.

கணினி சொன்னது மெய்தானா என்று சரிபார்க்கவும் இந்தப் பதிவே துணை. ரஞ்சோ குக்கமோங்கா கட்டடத்தின் அடித்தளத்திலும், தாங்கிகளுக்கு மேலும், கூரையிலும் அளவுக் கருவிகள் பொருத்தியிருந்தார்கள். 1985 அக்டோபரில் அருகே ஒரு சிறிய நிலநடுக்கம் வந்தபோது அக்கருவிகள் உண்மை அசைவைக் குறித்தன. கருவி இருக்கும் அதே இடத்தில் கணினியிலும் ஒரு கணுவைப் பதிவு செய்திருந்தால்தான் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட முடியும். கருவி காட்டுவதோ உண்மையான முடுக்கம். அதனோடு தரையைப் பொறுத்த முடுக்கத்தை ஒப்பிடுவது, வேலியடி மரத்தின் பாலை வேறொரு நிரையின் கணக்கில் எழுதுவதற்கு ஒப்பாகும்.

நம் நாட்டில் நிலநடுக்கம் ஏது என்று சிலர் கேட்கலாம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுமத்ராவின் அதிர்வு நம் தீபகற்பத்திலும் உணரப்பட்டது. 2015 ஜூன் 5ஆம் நாள் சபாவின் ரானாவ் நடுக்கத்தில் கினபாலு மலையில் 18 பேர் உயிரிழந்தார்கள். ஆகவே இந்தக் கல்வி நமக்கும் வேண்டியதே.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கணக்கில் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால், இது எதனுடைய அளவு, எந்த இடத்தில் எடுத்தது, எதைப் பொறுத்து எடுத்தது என்று கேளுங்கள். விடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கேட்டால் போதும். பெரிய பாலங்களுக்குக் கணக்குப் போடுபவர்களும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவையே. நாளை நம் பிள்ளைகளும் அந்த வேலைக்கு வரக்கூடியவர்கள். பால் எடுத்துத் தந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள், அந்த ரப்பர் என்ன செய்கிறது என்று எழுதிக் காட்டும் நாள் வரட்டும்.