கிராதியும் செங்கல்லும் காக்கும் டாங்கி

2003 டிசம்பரில் இராக்குக்குள் நுழைந்த அமெரிக்க ஸ்டிரைக்கர் வண்டிகள் விநோதமான தோற்றத்தில் இருந்தன. எட்டுச் சக்கரக் கவச வண்டி; அதைச் சுற்றி அரை மீட்டர் தள்ளி ஓர் இரும்புக் கிராதி. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு இடைவெளி. துப்பாக்கிக் குண்டு தாராளமாக உள்ளே போய்விடும். படைவீரர்களே அதைப் பறவைக்கூண்டு என்றுதான் கேலி செய்தார்கள்.

அந்தக் கூண்டு ஒரே ஓர் ஆயுதத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது: ஆர்.பி.ஜி.-7. சோவியத் படை 1961-இல் சேர்த்துக்கொண்ட தோள் ஏவுகருவி இது. மலிவு, எளிமை, ஆகவே உலகின் எல்லாப் போர்க்களங்களுக்கும் பரவிவிட்டது. அதன் ஆரம்பகாலக் குண்டே சுமார் 26 செ.மீ. எஃகைத் துளைக்கக்கூடியது. அப்படிப்பட்ட குண்டை மெல்லிய இரும்புப் பட்டைகள் என்ன செய்துவிட முடியும்?

குண்டு பறக்கும் வேகத்துக்கும் அது துளைக்கும் ஆற்றலுக்கும் சம்பந்தமே இல்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஆர்.பி.ஜி. குண்டு விநாடிக்கு 300 மீட்டர் வேகத்தைத் தொட்டாலே அதிகம். ரைபிள் தோட்டா இதைவிட வேகமாகப் போகும். வேலை நடப்பது மோதிய பிறகுதான். குண்டுக்குள் உலோகத் தகட்டாலான ஒரு கூம்பு, அகன்ற வாய் முன்னால் பார்த்தபடி இருக்கும். பெரும்பாலும் செம்பு. அதன் பின்னே வெடிமருந்து. வெடித்ததும் கூம்பு உள்நோக்கி நொறுங்கி, நீண்ட மெல்லிய உலோகத் தாரையாகப் பாய்கிறது. தாரையின் நுனி வேகம் விநாடிக்கு 8 கிலோமீட்டர் அளவில் இருக்கும். செம்பு உருகி எஃகையும் உருக்கிவிடுகிறது என்று பலரும் எழுதுகிறார்கள், அது தவறு. உருக்குவதற்கு அங்கே நேரமே கிடையாது. அந்த அழுத்தத்தில் எஃகின் உறுதி ஒரு பொருட்டே இல்லாமல் போய், சேற்றில் பாய்ச்சிய குழாய்த் தண்ணீருக்குச் சேறு விலகுவதுபோல எஃகு விலகி வழிவிடுகிறது.

எனவே எஃகைத் தடிமனாக்கிக்கொண்டே போவது தோற்கிற ஆட்டம். நாலாபுறமும் 26 செ.மீ. எஃகு போர்த்தினால் வண்டி நகராது. கூடுதல் கவசம் செய்பவர்கள் குண்டைத் தடுப்பதைவிட, அதன் வேலையைக் கெடுக்கவே வழி தேடுகிறார்கள்.

கிராதி அதைக் கெடுப்பது வெடிப்பதற்கு முன்பே. ஆர்.பி.ஜி. குண்டின் மூக்கில் ஒரு படிகம் இருக்கிறது. மோதும்போது நசுங்கி மின்சாரம் தருவது அதுதான். அந்த மின்சாரம் குண்டின் வெளித்தோலும் உள்கூம்பும் வழியாகப் பின்னாலுள்ள டெட்டனேட்டருக்குப் போக வேண்டும். குண்டின் குறுக்களவு 85 மி.மீ.; பட்டைகளின் இடைவெளி அதைவிடக் குறைவு. மூக்கு இடைவெளியில் நுழைந்துவிட்டால், பருத்த உடல் பட்டைகளுக்கு இடையே சிக்கி நசுங்கும். வெளித்தோல் உள்கூம்பைத் தொடும்; மின்சாரம் குறுக்குச்சுற்றாகி வீணாகும். குண்டு வெடிக்காது.

மூக்கு நேராகப் பட்டையிலேயே மோதினால்? வழக்கம்போல வெடிக்கும். அரை மீட்டர் தூரத்தில் தாரை வலுவிழந்துவிடும் என்பதும் முழு உண்மை அல்ல. தாரை நீள்வதற்குக் கொஞ்சம் தூரம் தேவை. சில சமயம் அந்த இடைவெளி குண்டுக்கே சாதகமாகிவிடும். ஆக, கிராதி ஒரு சூதாட்டம்தான். அதற்கான பந்தயத்தொகை எடை: ஸ்டிரைக்கரின் கூண்டு மட்டும் இரண்டு டன்னுக்கு மேல். டயரும் சஸ்பென்ஷனும் அந்த விலையைக் கொடுத்தன. பின்னாளில் ஆப்கானிஸ்தானில் பிரிட்டிஷ் படை இரும்புக்குப் பதிலாக டேரியன் என்ற வலுவான இழை வலையைக் கட்டிப் பார்த்தது. எடை வெகுவாகக் குறைந்தது.

(1943-இல் ஜெர்மானியர் தம் டாங்கிகளின் பக்கவாட்டில் தொங்கவிட்ட தகடுகளை இந்தக் கிராதியின் முன்னோடி என்பார்கள். உண்மையில் அவை சோவியத் 14.5 மி.மீ. டாங்கி எதிர்ப்பு ரைபிளுக்காகப் பொருத்தப்பட்டவை.)

வெடித்துத் தாரை கிளம்பிவிட்ட பிறகும் கெடுக்க ஒரு வழி உண்டு. இந்தத் துறையின் ஆகச் சிறந்த யோசனை அதுதான் என்பேன். 1967 போருக்குப் பின் இஸ்ரேலில் கைவிடப்பட்டுக் கிடந்த டாங்கிகள்மீது சுட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார் மான்ஃபிரட் ஹெல்ட் என்ற ஜெர்மானிய ஆய்வாளர். சில டாங்கிகளுக்குள் வெடிபொருள்கள் மிச்சமிருந்தன. அவை வெடித்தபோது தாரையின் துளைக்கும் ஆற்றல் குலைந்தது. இதிலிருந்து பிறந்ததே எதிர்வினைக் கவசம்: இரண்டு எஃகுத் தகடுகள், நடுவே வெடிமருந்து, செங்கல் அளவில் ஒரு பெட்டி. தாரை பட்டதும் மருந்து வெடித்துத் தகடுகளை எதிரெதிர்ப் பக்கம் எறிகிறது. பெட்டி சாய்வாக இருப்பதால் தகடுகள் தாரையின் குறுக்கே நகர்ந்துகொண்டே போகின்றன. ஒரே துளை வழியாகப் போக முடியாமல் ஒவ்வொரு கணமும் புதிய உலோகத்தை வெட்ட வேண்டியிருப்பதால் தாரை துண்டு துண்டாகிச் சிதறுகிறது. சாய்வு இல்லாமல் நேர்குத்தாகப் பட்டால் பயன் வெகுவாகக் குறைந்துவிடும்.

துப்பாக்கிக் குண்டு பட்டாலோ தீப்பிடித்தாலோ வெடிக்காத மந்தமான மருந்தைத்தான் இதில் அடைக்கிறார்கள். 1982 லெபனான் போரில் இஸ்ரேல் இதை பிளேசர் என்ற பெயரில் இறக்கியது. 1949-லிருந்தே இதே யோசனையை ஆராய்ந்துவந்த சோவியத், அடுத்த சில ஆண்டுகளில் தன் டாங்கிகளில் கான்டாக்ட் பெட்டிகளை அடுக்கியது. சென்னை ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாகும் டி-90 பீஷ்மா டாங்கியின் முகப்பிலும் இந்த வகைப் பெட்டிகளைப் பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. ஒரு பெட்டி ஒரு முறைதான். வெடிக்கும்போது பக்கத்தில் நடந்துவரும் சொந்தக் காலாட்படைக்கே ஆபத்து. முன்னே ஒரு சின்ன வெடி பெட்டியைத் தீர்த்துவிட, பின்னாலேயே பெரிய வெடி வருகிற இரட்டைக் குண்டுகளும் 1980-களிலேயே வந்துவிட்டன.

கூடுதல் கவசம் எப்போதும் இப்படி ஓர் ஆயுதத்துக்குப் பின்னால்தான் ஓடுகிறது. உக்ரைன் போரின் தொடக்கத்தில் ரஷ்ய டாங்கிகளின் கூரைமேல் கம்பிக்கூண்டைப் பார்த்து உலகமே சிரித்தது. மேலிருந்து இறங்கும் ஜாவலின் ஏவுகணைக்கு அது ஈடே இல்லை. பிறகு ஆர்.பி.ஜி. வெடிமுனையைச் சுமந்த மலிவான டிரோன்கள் வந்தன, சிரிப்பு அடங்கியது. 2024-இல் சில டாங்கிகள் தகரக் கொட்டகைக்குள் முழுசாக மறைந்தபடி வந்தன. உள்ளே பீரங்கியைத் திருப்பக்கூட இடமில்லை. சுட முடியாத டாங்கியை டாங்கி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கூரைக்கூண்டு நிலைத்துவிட்டது. ரஷ்யாவின் புதிய டி-90எம் டாங்கிகள் இப்போது தொழிற்சாலையிலிருந்தே கூண்டோடு வெளிவருகின்றன.