படபடப்பு நின்ற பிறகும் மாத்திரைகள் ஏன்?

“படபடப்பு நின்று பல மாதங்களாகிவிட்டன, இன்னும் எதற்கு இத்தனை மாத்திரைகள்?” என்று எங்கள் புறநோயாளிகள் பிரிவில் பலரும் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. அம்மாத்திரைகள் அனைத்தும் ஒரே பணியைச் செய்வன அல்ல என்பதே அதற்கான விடை.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல், நிமிடத்துக்கு 350 முதல் 600 முறை வரை நடுங்கும் நிலையை ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்கிறோம். இதனால் இரு தீங்குகள் விளைகின்றன. ஒன்று, கீழறைகள் சீரின்றி விரைந்து துடிப்பதால் ஏற்படும் படபடப்பும் மூச்சிரைப்பும். மற்றொன்று வெளியே தெரியாதது. சரிவரச் சுருங்காத இடது மேலறையில் இரத்தம் தேங்கி உறைகிறது. அந்த உறைகட்டி மூளையின் இரத்தக் குழாயை அடைத்தால் பக்கவாதம் உண்டாகும். இந்நோய் உள்ளவர்களுக்கு அந்த அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு அதிகம்.

மருந்துகளில் முதல் வகை, துடிப்பின் வேகத்தைக் குறைப்பவை: மெட்டோபுரோலால், டில்டியாசெம், டிகாக்சின் போன்றவை. இவை சீரின்மையை மாற்றுவதில்லை. வேகத்தை மட்டுமே தணிக்கின்றன. ஆஸ்துமா உள்ளவர்கள் மெட்டோபுரோலால் தொடங்குமுன் அதனை மருத்துவரிடம் கூற வேண்டும். சிறுநீரகக் குறைபாடு இருந்தால் டிகாக்சின் உடலில் தேங்கி, குமட்டலையும் பார்வைக் கோளாற்றையும் உண்டாக்கலாம்.

இரண்டாம் வகை, துடிப்பை மீண்டும் சீராக்க முயல்பவை: அமியோடரோன், ஃபிளெக்கைனைடு போன்றவை. அமியோடரோன் ஆற்றல் மிக்கது. ஆயினும் அது தைராய்டு, கல்லீரல், நுரையீரல் ஆகியவற்றைப் பாதிக்கக்கூடும் என்பதால் குறித்த இடைவெளியில் பரிசோதனைகள் தேவை. மாரடைப்பு ஏற்பட்ட இதயத்துக்கு ஃபிளெக்கைனைடு ஏற்றதன்று.

இவ்விரண்டில் எது மேலானது? அமெரிக்காவிலும் கனடாவிலும் 4,060 பேரிடம் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ‘அஃபர்ம்’ ஆய்வில், சீராக்கும் மருந்துகள் ஆயுளைக் கூட்டவில்லை. 2020-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றோ, நோய் கண்டறியப்பட்ட ஓராண்டுக்குள் சீராக்கும் சிகிச்சையைத் தொடங்குவது நன்மை தருவதாகக் காட்டியது. ஆகவே வயது, நோயின் காலம், இதயத்தின் வலிமை ஆகியவற்றைக் கருதியே நாங்கள் மருந்தைத் தேர்கிறோம். உங்களுக்கு எழுதிய மருந்து அண்டை வீட்டாருக்குப் பொருந்தாமல் போகலாம்.

‘அஃபர்ம்’ ஆய்வு மற்றொன்றையும் உணர்த்தியது. எந்தச் சிகிச்சை பெற்றவர்களாயினும், பக்கவாதம் கண்டவர்களில் பெரும்பாலோர் இரத்த உறைவைத் தடுக்கும் மருந்தை நிறுத்தியவர்கள் அல்லது போதிய அளவில் பெறாதவர்கள். துடிப்பு சீரானதாகத் தோன்றினாலும், நோய் அறிகுறியின்றி வந்து போகலாம். எனவே இந்த மூன்றாம் வகை மருந்தைத் தொடர்வதா என்பதைப் படபடப்பைக் கொண்டு முடிவு செய்வதில்லை. வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, முன்பு வந்த பக்கவாதம் போன்றவற்றைக் கொண்டே முடிவு செய்கிறோம்.

இவ்வகையில் வார்ஃபரின், அசெனோகுமரால் ஆகியவை பழையவை. இவற்றுக்கு ஐ.என்.ஆர். பரிசோதனை தேவை, பெரும்பாலோருக்கு அது 2 முதல் 3-க்குள் இருக்க வேண்டும். கீரையை விலக்க வேண்டியதில்லை. உண்ணும் அளவு வாரத்துக்கு வாரம் பெரிதும் மாறாதிருந்தால் போதும். அமியோடரோன் சேர்ந்தால் வார்ஃபரினின் வீரியம் கூடும். அபிக்சபான், ரிவரோக்சபான், டாபிகாட்ரான் போன்ற புதியவற்றுக்கு ஐ.என்.ஆர். தேவையில்லை, மூளையில் இரத்தக் கசிவும் குறைவு. ஆனால் அவற்றின் பலன் ஓரிரு நாளில் தீர்ந்துவிடுவதால் வேளை தவறக் கூடாது. வாதக்காய்ச்சலால் மைட்ரல் வால்வு கணிசமாகச் சுருங்கியவர்களுக்கும் உலோக வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கும் பழைய மருந்துகளே உரியவை. ஆஸ்பிரின் இவற்றுக்கு மாற்றாகாது.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை: பல் பிடுங்குவதற்காகவோ பயணத்துக்காகவோ மருந்தைத் தாமாக நிறுத்த விடாதீர்கள். வலிநிவாரணிகளையும் நாட்டு மருந்துகளையும் எங்களைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். மலம் கறுத்தாலோ, சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ, தலையில் அடிபட்டாலோ உடனே அழைத்து வாருங்கள். முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் 108-ஐ அழையுங்கள்; அறிகுறி தொடங்கிய நேரத்தையும் கடைசியாக மாத்திரை உட்கொண்ட நேரத்தையும் மருத்துவரிடம் கூறுங்கள்.