சீஸ் உறையிலிருந்து வந்த எழுத்து

பாட்டி வீட்டுப் பெட்டியில் கிடைத்த பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார் ஒரு கல்லூரி மாணவி. அடியில் 'எஸ்.பி.சி.கே. அச்சுக்கூடம், வேப்பேரி' என்று இருக்கிறது. 'இது என்ன கம்பெனி சார், இப்போதும் இருக்கிறதா?' என்று கேட்கிறார். அவரும் என்னைப் போல அந்தமானின் பாம்பூஃப்ளாட்தான். சாத்தம் போகும் ஃபெரியில் பார்த்தபோதே கேட்டிருக்கலாம். எழுத்தில் கேட்டுவிட்டதால் எழுத்திலேயே பதில்.

இருக்கிறது, லண்டனில். 1698-இல் தாமஸ் பிரே என்ற பாதிரியாரும் அவருடைய நான்கு நண்பர்களும் தொடங்கிய கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அது. இங்கிலாந்தின் மிகப் பழைய பதிப்பகங்களில் ஒன்று. இன்றும் புத்தகம் போடுகிறார்கள். கம்பெனி என்றும் சொல்லலாம்தான். ஆனால் லாபத்துக்காகத் தொடங்கியதல்ல, மதம் பரப்பத் தொடங்கியது. அதை மறைக்கவும் வேண்டாம், அதற்காக அவர்கள் செய்த வேலையைக் குறைத்துச் சொல்லவும் வேண்டாம்.

தமிழில் முதலில் அச்சானது எது, எங்கே என்பதெல்லாம் பள்ளியிலேயே படித்தாயிற்று. நான் சொல்ல வருவது அதற்கு ஒன்றேகால் நூற்றாண்டுக்குப் பிந்திய கதை. 1706-இல் டென்மார்க் அரசர் அனுப்பிய சீகன்பால்குவும் புளுட்சாவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். இருவரும் ஜெர்மானியர்கள், லுத்தரன் சபைக்காரர்கள். அவர்கள் எழுதிய கடிதங்கள் ஆங்கிலத்தில் வெளியானதும் லண்டன் சங்கம் உதவ முன்வந்தது. ஆங்கிலிகன் சங்கத்தின் பணம், டேனிஷ் கோட்டை, ஜெர்மன் பாதிரிகள், போர்த்துக்கீசிய மொழியில் முதல் அச்சு வேலை. இத்தனை கலப்பில் தொடங்கிய அச்சகம் வேறு உண்டா தெரியவில்லை.

1711-இல் சங்கம் ஓர் அச்சு இயந்திரம், ரோமன் எழுத்துகள், காகிதம், கூடவே யோனாஸ் ஃபிங்க் என்ற அச்சுத் தொழிலாளி என்று எல்லாவற்றையும் கப்பலேற்றியது. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கிருந்து விடுபட்டுப் புறப்பட்டால், நன்னம்பிக்கை முனைக்கருகே ஃபிங்க் காய்ச்சலில் இறந்துபோனார். 1712-இல் இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது, இயக்கத் தெரிந்தவர் இல்லாமல். டேனிஷ் கம்பெனிச் சிப்பாய்களில் ஒருவருக்கு அச்சு வேலை தெரிந்திருந்ததால் பிழைத்தார்கள். சென்னைக் கப்பல் வந்தால்தான் பாடப்புத்தகம் என்று வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

தமிழ் எழுத்துகள் 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்தன. கூட வந்தவர் யோஹான் காட்லீப் ஆட்லர். எழுத்துகள் பெரிதாக இருந்தன. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தால் இருக்கும் காகிதம் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். சிறிய எழுத்து வேண்டும். அதை இங்கேயே வார்க்க வேண்டும். வார்க்க ஈயம் வேண்டும். ஈயத்துக்கு எங்கே போவது?

சங்கம் பாதிரிகளுக்குச் சாப்பிட செஷயர் சீஸ் அனுப்பியிருந்தது. கடற்பயணத்தில் கெடாமல் இருக்க அதை ஈயத் தகட்டில் பொதிந்திருந்தார்கள். சீஸைச் சாப்பிட்டுவிட்டு அந்தத் தகடுகளை உருக்கித்தான் முதல் எழுத்துகளை வார்த்துப் பார்த்தார்கள் என்று மிஷன் வரலாறுகள் எழுதிவைத்திருக்கின்றன. இதைப் படித்த நாளிலிருந்து இந்தப் பதிப்பகத்தின் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம்.

ஈயத்தை உருக்குவது பெரிய வித்தையல்ல. 327 டிகிரி செல்சியஸ், விறகடுப்பே போதும். என் மாமா பழைய ஈயத்தை இரும்புச் சட்டியில் உருக்கி, ஈர மணலில் விரலால் குழி போட்டு ஊற்றி வலைக்குக் குண்டு வார்ப்பார். சிறு துண்டுகளை நாங்கள் பல்லால் கடித்தே தூண்டில் நரம்பில் இறுக்குவோம். (இப்போது யாரும் அப்படிச் செய்யாதீர்கள், ஈயம் விஷம்.) பல்லுக்கு நசுங்குவது வலைக்குண்டுக்குப் போதும், அச்செழுத்துக்குப் போதாது. ஆயிரம் தாள் அழுத்துவதற்குள் 'ற'வின் வால் மழுங்கிவிடும். அதனால் ஈயத்தோடு ஆன்டிமனி சேர்ப்பார்கள், அது கடினம் தரும். உலோகம் ஆறும்போது சுருங்குவதையும் குறைக்கும். கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால் குழம்பு அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்பும்.

அதற்கும் முன்னால் இருப்பதுதான் நிஜமான கைவேலை. எஃகுத் துண்டின் நுனியில் எழுத்தை இடவலம் மாற்றி, புடைப்பாக, அரத்தாலும் உளியாலும் செதுக்க வேண்டும். அதைக் கடினப்படுத்திச் செம்புத் துண்டின் மேல் ஓங்கி அடித்தால் எழுத்து பள்ளமாகப் பதியும். அந்தச் செம்பைக் கைக்குள் அடங்கும் ஒரு வார்ப்பச்சின் அடியில் பொருத்தி, கரண்டியால் ஊற்றி, ஒரு குலுக்குக் குலுக்கித் திறந்தால் ஓர் எழுத்து. இப்படி ஒவ்வொன்றாக, ஆயிரக்கணக்கில். எல்லாம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். மயிரிழை குறைந்தாலும் அந்த எழுத்து தாளில் விழாது.

தமிழுக்கு 247 எழுத்தும் வெட்ட வேண்டியதில்லை. கால், கொம்பு, இணைக்கொம்பு மூன்றையும் தனியாக வார்த்து வைத்துக்கொண்டால் கா, கெ, கை எல்லாம் கோர்ப்பவர் கையில் அமைந்துவிடும். வம்பு செய்பவை இகர, ஈகார, உகர, ஊகார எழுத்துகள். கு, சு, து, று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. தனித்தனியே வெட்டாமல் தப்ப முடியாது. 18 மெய்க்கும் நான்கு வீதம் 72 ஆயிற்று. 1978-இல் அரசு மாற்றுகிற வரை துதிக்கை வைத்த ணை, லை, ளை, னையும், சுழித்து எழுதிய ணா, றா, னாவும் தனி. உயிர், அகரவரிசை, குறிகளையும் கூட்டினால் எப்படியும் நூற்றைத் தாண்டும். அதையெல்லாம் சிறிய அளவில் மறுபடி செய்துதான் 1714-இல் நற்செய்திகளையும் 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதையும் முடித்தார்கள். காகிதத்துக்குப் பொறையாறில் ஓர் ஆலையும் போட்டார்கள்.

வேப்பேரி பிறகு வந்தது. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரத்தையும் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கோட்டையில் அதை இயக்க ஆளில்லை. வேப்பேரியில் சங்கத்தின் ஊழியராக இருந்த ஃபப்ரிசியுஸிடம் கொடுத்து, அரசாங்க வேலைக்கு முதலிடம் என்று நிபந்தனை போட்டார்கள். அவருடைய தமிழ் ஆங்கில அகராதி 1779-இல் அங்கே அச்சானது. 1825-இல் தென்னிந்திய மிஷன் பணியைச் சங்கம் இன்னொரு சங்கத்திடம் ஒப்படைத்தது. எஸ்.பி.சி.கே.யின் இந்தியக் கிளை பின்னாளில் தனி நிறுவனமாகி டெல்லி காஷ்மீரி கேட்டிலிருந்து இன்றும் புத்தகம் வெளியிடுகிறது.

நான் படித்த வரலாறுகளில் ஃபிங்க், ஆட்லர் பெயர்கள் இருக்கின்றன. எழுத்து கோர்த்த, காகிதம் காய்ச்சிய, மை தடவிய தமிழர்களின் பெயர்கள் இல்லை. எழுதியவர்கள் மறந்தார்கள் என்று குறை சொல்லலாம். நாம் மட்டும் என்ன செய்தோம்? ஆஃப்செட் வந்ததும் ஊர் ஊராக டைப் கேஸ்களை எடைக்குப் போட்டோம். மூன்று தலைமுறை கம்பாசிட்டர்கள் கைபட்ட எழுத்து பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறியது. ராஸ் தீவுக்குப் போனால் ஆல் வேர் பற்றிய இடிபாடுகளுக்கு நடுவே ஓர் அச்சுக்கூடமும் உண்டு. கூட வருபவர்களிடம் காட்டினால் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அங்கே என்ன அச்சடித்தார்கள் என்று ஒருவராவது கேட்டால் நன்றாக இருக்கும். வீட்டிலும் அதே கதைதான். இந்த ஈரக்காற்றில் புத்தகத்தைத் தகரப் பெட்டியில் பூட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் நாளில் நிழலில் விரித்து வைத்து, காற்றாட அலமாரியில் வையுங்கள். பாட்டுப் புத்தகம், பஞ்சாங்கம், ஊர்ச் சங்கத்து ஆண்டறிக்கை எதுவானாலும் சரி.

தரங்கம்பாடியிலிருந்து டேனிஷ்காரர்கள் நம் பக்கமும் வந்தார்கள். 1756-இல் நிக்கோபாரைத் தங்களுடையது என்று அறிவித்து, அரசர் பெயரில் ஃபிரெடரிக் தீவுகள் என்று அழைத்தார்கள். 1768 முதல் 1787 வரை மொராவியப் பாதிரிகள் நன்கௌரியில் இருந்து, காய்ச்சலில் பலரைப் பறிகொடுத்தார்கள். 1868-இல் தீவுகள் பிரிட்டிஷார் கைக்குப் போயின. அங்கே படிப்பு வேரூன்றியது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், கார் நிக்கோபாரின் மூஸ் ஊரில் சாலமன் என்ற தமிழ் உபதேசியார் பிள்ளைகளைச் சேர்த்துப் பாடம் நடத்திய பிறகு. அவருடைய மாணவர் ஜான் ரிச்சர்ட்சன் பின்னாளில் பிஷப்பானார், 1952-இல் முதல் மக்களவைக்கு நியமன உறுப்பினராகவும் போனார். புதிய ஏற்பாட்டைக் கார் நிக்கோபார் மொழிக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அந்த மொழியை ரோமன் எழுத்தில், சில உயிரெழுத்துகளின் தலையில் புள்ளி வைத்து எழுதுகிறார்கள். அதனால் ஆட்லர் பட்ட பாடு அங்கே யாருக்கும் இல்லை.