மணலும் மணியும்: ஓப்பல் கல்லின் மதிப்பு எதில் இருக்கிறது?

பத்தாம் வகுப்பில் ஒளியியல் பாடம். வெள்ளொளியின் நிறப்பிரிகையை விளக்கி முடித்த மறுநாள், ஒரு மாணவி கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த மோதிரத்தை நீட்டினாள். "சார், எங்க அம்மாவோடது. வாங்கும்போது இதுலயும் எல்லாக் கலரும் தெரிஞ்சுது. இப்ப வெளுத்துப்போச்சு. ஏன் சார்?"

சுக்கிரனுக்கு உகந்த ஓப்பல் என்று சொல்லி நாலாயிரம் ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். களையெடுக்கவும் கரும்பு வெட்டவும் போகும் தாய்க்கு அது பல நாள் கூலி. அன்று என்னிடம் பதில் இல்லை. அதன்பின் தேடிப் படித்தவற்றை இங்கே பகிர்கிறேன்.

ஒரே பொருள், பல வடிவம்

தியாகதுருகம் மலையடிவாரத்தில் நம் பிள்ளைகள் ஒன்றோடொன்று உரசித் தீப்பொறி பார்க்கும் வெங்கச்சங்கல், குவார்ட்ஸ் எனும் கனிமம். அதாவது சிலிக்கன் டை ஆக்சைடு. ஆற்று மணலில் பெரும்பங்கும் இதுவே. ஈரோடு மாவட்டம் கொடுமணலில், நொய்யல் ஆற்றங்கரையில், சங்க காலத்து மணி செய்யும் தொழிற்கூடங்களை அகழாய்வில் கண்டறிந்தனர். அங்கே கிடைத்த படிகம், செவ்வந்திக்கல், கார்னீலியன், அகேட் ஆகிய அனைத்தும் சிலிக்காவின் வடிவங்களே.

ஓப்பலும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அது படிகமாக உறையாத சிலிக்கா. உள்ளே பொதுவாக 3 முதல் 10 சதவீதம் நீரும் உண்டு. 'உபல' என்ற வடமொழிச் சொல்லிலிருந்தே 'ஓப்பல்' என்ற பெயர் வந்ததாகக் கருதுகின்றனர்.

நிறம் எப்படி வருகிறது?

ஓப்பலுக்குள் வானவில் நிறச் சாயம் எதுவும் இல்லை. 1960களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நுண்ணிய சிலிக்கா கோளங்கள் கடையில் அடுக்கிய ஆரஞ்சுப் பழங்கள்போல் வரிசையாக இருப்பதைக் கண்டனர். அந்த ஒழுங்கான அடுக்கில் ஒளி விளிம்பு விளைவுக்கு உள்ளாகி நிறங்களாகப் பிரிகிறது. முப்பட்டகத்தில் நிகழும் ஒளிவிலகலிலிருந்து இது வேறுபட்டது.

கோளங்களின் விட்டம் 150 நானோமீட்டர் அளவில் இருந்தால் ஊதா, நீலம் தெரியும். 300ஐ நெருங்கினால் சிவப்பும் தெரியும். கோளங்கள் தாறுமாறாகக் கிடந்தால் நிறவிளையாட்டே இல்லை. அது சாதாரண ஓப்பல், விலையும் குறைவு.

முக்கிய வகைகள்

கறுப்பு ஓப்பல்: ஆஸ்திரேலியாவின் லைட்னிங் ரிட்ஜ் இதற்குப் புகழ்பெற்றது. கருமையான பின்புலத்தில் நிறங்கள் எடுப்பாகத் தெரிவதால் விலை மிக அதிகம்.

வெள்ளை ஓப்பல்: கூபர் பீடி பகுதியில் பெருமளவு கிடைக்கிறது.

பாறை ஓப்பல்: குயின்ஸ்லாந்தில், இரும்புச்சத்துள்ள பாறையோடு சேர்த்தே வெட்டுவர்.

நெருப்பு ஓப்பல்: மெக்சிகோவில் கிடைக்கும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறக் கல். இதில் நிறவிளையாட்டு இல்லாமலும் இருக்கலாம்.

எத்தியோப்பிய ஓப்பல்: வோல்லோ பகுதியில் 2008 முதல் கிடைக்கிறது. பெரும்பாலானவை நீரை உறிஞ்சி நிறம் மங்கும். உலர்ந்தால் நிறம் பெரும்பாலும் திரும்பும்.

விலையை முடிவு செய்பவை

முதலில் ஒளிர்வு. அடுத்து பின்புலத்தின் கருமை. பிறகு நிறம்: பெரிய கோளங்கள் ஒழுங்காக அமைவது அரிது என்பதால் சிவப்புக்கு மதிப்பு அதிகம், நீலம் மட்டும் தெரிந்தால் குறைவு. நிறத்திட்டுகளின் வடிவம், நிற அடுக்கின் தடிமன், எடை ஆகியவையும் சேரும். வெடிப்பு இருந்தால் விலை சரியும். கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 5.5 முதல் 6.5 வரைதான், எளிதில் கீறல் விழும். கடும் வெப்பமும் ஆகாது.

மோதிரத்தில் இருந்தது என்ன?

ஓப்பலின் மெல்லிய சீவலைக் கறுப்புத் தகட்டில் ஒட்டினால் அது இரட்டை ஒட்டுக்கல். மேலே கண்ணாடி அல்லது படிக மூடியும் சேர்த்தால் மூன்றடுக்கு ஒட்டுக்கல். ஒட்டுக்கல் என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்பது தவறல்ல. முழுக்கல் என்று விற்பதே ஏமாற்று.

மாணவியின் மோதிரத்தைப் பக்கவாட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தோம். மூன்று அடுக்குகள் தெளிவாகத் தெரிந்தன. ஓரத்திலிருந்து வெண்மை உள்ளே பரவியிருந்தது. பாத்திரம் கழுவும்போது நீர் பசைக்குள் புகுந்திருக்கிறது.

"அப்ப அம்மா ஏமாந்துட்டாங்களா சார்?" என்று கேட்டாள். "உங்க அம்மா மேல தப்பில்ல. படிச்ச எனக்கே போன வாரம் இது தெரியாது" என்றேன். கல் வாங்குமுன் பக்கவாட்டில் பார்ப்பது, முழுக்கல்லா ஒட்டுக்கல்லா என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குவது, விலை அதிகமெனில் ஆய்வகச் சான்று கேட்பது: இந்த மூன்றையும் அவளே குறிப்பேட்டில் எழுதி வீட்டுக்கு எடுத்துச் சென்றாள். கிரகப் பலன் என்ற பேச்சுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்பதையும் வகுப்பில் பேசினோம்.

வகுப்பறைச் செயல்பாடு

ஒரே அளவுள்ள கோலிக்குண்டுகளை ஒரு தட்டில் வரிசையாகவும், இன்னொன்றில் வெவ்வேறு அளவுகளைக் கலந்தும் பரப்பச் சொல்லுங்கள். அடுத்து, பழைய குறுந்தகடு ஒன்றைச் சாளர வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கச் செய்யுங்கள். சாயமின்றி நிறம் வருவதை மாணவர்களே சொல்வார்கள். ஒரு வெங்கச்சங்கல்லையும் மேசையில் வையுங்கள். இதே பொருள்தான் ஓப்பலிலும் இருக்கிறது என்றால், விலை மட்டும் ஏன் வேறு என்று கேளுங்கள். 'பொருளால் அல்ல, அது அடுக்கப்பட்ட விதத்தால்' என்ற விடையை அவர்களே கண்டடையட்டும்.