கூரைக்கு ஓட்டு உண்டு, வாத்தியாருக்கு இல்லை

கேரள எல்லையில் வாழும் தமிழர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தங்கள் பள்ளிக்கூடத்தை யார் பராமரிப்பது என்று தீர்மானிக்கிறார்கள். அங்கே யார் பாடம் நடத்துவது என்பது மட்டும் அவர்கள் கையில் இல்லை.

கோவையிலிருந்து வேலந்தாவளம் வழியாகவோ, பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகவோ கேரளத்துக்குள் நுழைபவருக்கு மாநிலம் மாறியது உடனே உறைக்காது. அதே பனைமரங்கள், அதே நிலக்கடலைக் காடுகள், டீக்கடையில் அதே கொங்குத் தமிழ். பஸ்ஸின் நெற்றியில் எழுத்து மாறியிருப்பதைப் பார்த்த பிறகுதான் எல்லை தாண்டியது தெரியும். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகா இது. வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை என்று வரிசையாகத் தமிழர்கள் நிறைந்த பஞ்சாயத்துகள்.

தேர்தல் வந்துவிட்டால் இங்கே சுவர்கள் இரண்டு மொழி பேசும். மேலே மலையாளம், கீழே தமிழ். ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி தமிழிலேயே ஓட்டுக் கேட்கும். மொழிச் சிறுபான்மையினர் வாழும் வார்டுகளில் வேட்பாளர் பெயரும் தமிழில் அச்சாகும். ஓட்டுப் போடப் போகும் இடம் பெரும்பாலும் உள்ளூர்ப் பள்ளிக்கூடம். இதில் ஒரு பொருத்தமும் உண்டு. கேரளத்தில் பஞ்சாயத்துத் தேர்தல் என்பது ஒருவகையில் பள்ளிக்கூடத் தேர்தலும்தான்.

1994-ல் வந்த கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டம் கல்வியை அடுக்கடுக்காகப் பிரித்துக் கொடுத்தது. அரசு தொடக்கப் பள்ளிகள் கிராமப் பஞ்சாயத்துக்கு. உயர்நிலைப் பள்ளிகள் ஜில்லா பஞ்சாயத்துக்கு. 1995-ல் முதல் தேர்தல் முடிந்து புதிய நிர்வாகங்கள் பொறுப்பேற்ற காலத்திலேயே பள்ளிகளும் கைமாறின. அடுத்த ஆண்டு தொடங்கிய மக்கள் திட்டம், மாநிலத்தின் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. சுகாதாரம், கல்விக்கென்று கிராமப் பஞ்சாயத்தில் தனி நிலைக்குழுவே இருக்கிறது. பஞ்சாயத்து நிதியில் ஒரு வகுப்பறை கட்டினால் அந்தத் திட்டத்தை நிறைவேற்றும் அதிகாரி அந்தப் பள்ளியின் ஹெட்மாஸ்டர்தான். 941 கிராமப் பஞ்சாயத்துகளிலும் இதுதான் ஏற்பாடு.

எனவே கூரை ஒழுகினால் வார்டு உறுப்பினரை மடக்கிக் கேட்கலாம். கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் மூன்றாம் வகுப்புக்குத் தமிழ் தெரிந்த டீச்சர் இல்லை என்றால்? அங்கேதான் ஜனநாயகம் கையை விரிக்கிறது.

அரசுப் பள்ளி ஆசிரியர்களைத் தேர்வு செய்வது பி.எஸ்.சி. நியமனமும் இடமாற்றமும் கல்வித் துறையின் வேலை. சம்பளம் மாநில அரசு தருகிறது. பாடப் புத்தகம் திருவனந்தபுரத்தில் தயாராகிறது. தமிழ் வழிப் பணியிடங்களுக்கு பி.எஸ்.சி. தனியாகவே ஆள் எடுக்கிறது என்பது உண்மை. எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாளும் தமிழில் அச்சாகிறது. ஆனால் பணியிடம் காலியாகி, பட்டியல் வந்து, ஆள் வந்து சேர்வதற்குள் ஒரு குழந்தையின் ஓராண்டு ஓடிவிடும். இடைக்காலத்தில் தினக்கூலி ஆசிரியர்தான் கதி.

வாத்தியாரை நியமிப்பது யார் என்பது கேரளத்துக்குப் புதிய கேள்வி அல்ல. ஒரு அரசையே ஆட்டிவைத்த கேள்வி அது.

ஜில்லா போர்டு காலம்

பழைய தலைமுறைத் தமிழர்களுக்கு ‘போர்டு ஸ்கூல்’ என்ற பெயர் நினைவிருக்கும். சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டுகள் நடத்திய பள்ளிகள் அவை. பாலக்காடும் அட்டப்பாடியும் அப்போது சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்தவை. சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. மூணாறும் தேவிகுளமும் திருவிதாங்கூரில். இன்று ஒரே மாநிலத்துக்குள் இருக்கும் எல்லைத் தமிழர்கள் அன்று மூன்று ஆட்சிகளின் கீழ் வாழ்ந்தார்கள்.

1954-ல் மலபார் ஜில்லா போர்டுத் தேர்தலில் கம்யூனிஸ்டுகள் வெற்றி பெற்றனர். தலைவரானவர் பாலக்காட்டுப் பகுதியைச் சேர்ந்த பி.டி. பாஸ்கரப் பணிக்கர். பின்னாளில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் முன்னோடிகளில் ஒருவராக அறியப்பட்டவர். பள்ளிகள், சாலைகள், மருத்துவமனைகள் எல்லாம் போர்டின் கையில் இருந்ததால் அந்த வெற்றி வெறும் அடையாள வெற்றியாக இருக்கவில்லை. ஆளத் தெரியும் என்று காட்ட அவர்களுக்குக் கிடைத்த முதல் பயிற்சிக் களம் அது. மூன்றே ஆண்டுகளில் மாநில அரசே அவர்கள் கைக்கு வந்தது.

வந்த வேகத்தில், 1957-லேயே, கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்ததுதான் புகழ்பெற்ற கல்வி மசோதா. உதவி பெறும் தனியார் பள்ளிகளும் பி.எஸ்.சி. பட்டியலிலிருந்தே ஆசிரியரை எடுக்க வேண்டும் என்றது அதன் ஒரு பிரிவு. சபைகளும் நிர்வாகிகளும் கொதித்தெழுந்தனர். மசோதா உச்ச நீதிமன்றம் வரை போய் வந்து 1959 ஜூனில் சட்டமாக அமலானது. ஜூலை 31 அன்று இ.எம்.எஸ். அரசு கலைக்கப்பட்டது. கலைப்புக்குக் காரணங்கள் பல. ஆனாலும் நெருப்பு முதலில் பற்றிய இடங்களில் ஒன்று, வாத்தியார் நியமனம்.

அந்தப் பெரிய சண்டை அரசுக்கும் பள்ளி நிர்வாகிகளுக்கும் இடையே நடந்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் அதில் வேடிக்கை பார்த்தவர்கள். எல்லைத் தமிழர்களின் நிலை இன்றும் ஏறக்குறைய அதுவே.

தேயிலைக்கு நடுவே

சித்தூரிலிருந்து தெற்கே ஆனைமலையைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம். உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மறையூர், போடியிலிருந்து போடிமெட்டு, கம்பத்திலிருந்து குமுளி என்று தமிழகத்திலிருந்து ஏறும் பாதைகள் ஒவ்வொன்றும் ஒரு தமிழ்ப் பகுதியில்தான் முடிகின்றன. சித்தூர்த் தமிழர் நிலத்தோடு இருப்பவர். இங்குள்ள தமிழரில் பெரும் பகுதியினர் தேயிலைக்காகக் கூட்டி வரப்பட்டவர்களின் வாரிசுகள்.

எஸ்டேட் பள்ளிகளின் கதையும் வேறு. 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் 6 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் கல்வி வசதி செய்து தர நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்த வழி செய்தது. லயன் வீடுகளுக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு அறைகளோடு எழுந்த சின்னஞ்சிறு பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் கற்பிக்கப்பட்டது. இன்று பல லயன்களில் குழந்தைகள் குறைந்துவிட்டார்கள். குழந்தைகள் குறைந்தால் பள்ளிக்கு ‘லாபகரமற்றது’ என்ற முத்திரை விழுகிறது.

1956-ல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்துக்கு வர வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டம் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததே. கன்னியாகுமரி வந்தது, செங்கோட்டை வந்தது. மலை கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் அங்கே ஓட்டுக் கேட்க வேண்டுமானால் தமிழில்தான் கேட்க வேண்டும் என்பதைக் கட்சிகள் சீக்கிரமே புரிந்துகொண்டன. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காகத் தேயிலைத் தோட்டங்களில் பாடித் திரிந்தவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன். அண்ணனுடன் வந்த சிறுவன்தான் பிற்பாடு இளையராஜா ஆனார். ரோசம்மா ஜெயித்தார்.

2021-ல் அதே தொகுதியில் வென்ற சி.பி.எம்.மின் ஏ. ராஜா சட்டசபையில் தமிழிலேயே பதவிப் பிரமாணம் எடுத்தார். வாசகத்தில் ஒரு சொற்றொடர் விடுபட்டதால் மீண்டும் ஒருமுறை எடுக்க வேண்டியிருந்தது. அதையும் தமிழிலேயே எடுத்தார். தமிழில் ஓட்டுக் கேட்கலாம், தமிழில் பிரமாணமும் எடுக்கலாம். தமிழில் பாடம் நடத்த ஆள் வேண்டும் என்பதுதான் எந்தக் கட்சியின் பிரசாரத்திலும் முதல் வரிக்கு வருவதில்லை.

பஞ்சாயத்து நினைத்தால்

உள்ளாட்சிக்குப் பலமில்லை என்று சொல்ல முடியாது. சித்தூர் தாலுகாவிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை வந்த பிறகு கிணற்று நீர் கெட்டுப்போனதாகக் கூறி, 2002-ல் ஆதிவாசிப் பெண்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தனர். முன்னின்றவர் மயிலம்மா. அடுத்த ஆண்டு பஞ்சாயத்து ஆலையின் லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்குகள் நீண்டன. ஆனால் 2004 மார்ச்சில் நின்ற ஆலை பிறகு ஓடவே இல்லை.

மூணாறில் 2015-ல் நடந்ததும் சாதாரணமல்ல. போனஸ் வெட்டை எதிர்த்துத் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு வீதிக்கு வந்தனர். அந்த ‘பெம்பிளை ஒருமை’ போராட்டத்துக்குப் பின் ரூ. 232 ஆக இருந்த தினக்கூலி ரூ. 301 ஆனது. அதே நவம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் அவர்களில் சிலர் போட்டியிட்டு வென்றனர். நல்லதண்ணி டிவிஷனில் கோமதி வென்று தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்குப் போனார்.

உலகக் குளிர்பான நிறுவனத்தின் லைசென்ஸை மறுக்கத் துணிந்த பஞ்சாயத்து அமைப்பால், தன் பொறுப்பிலுள்ள பள்ளிக்கு ஒரு தமிழ் டீச்சரை நியமிக்க முடியாது. அதிகாரம் அப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றில் உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியமே பட்ஜெட் போடுகிறது, ஆசிரியர் நியமனமும் அதன் பொறுப்பு. அதில் உள்ளூர் வம்புகளுக்கும் குறைவில்லை. நம் ஜில்லா போர்டுகளிலும் அரசியல் புகுந்து விளையாடியதுண்டு. பி.எஸ்.சி. தேர்வு அந்த வகையில் ஒரு பாதுகாப்பு. சிபாரிசு இல்லாத ஏழைப் பிள்ளைக்கு வேலை தருவது அதுதான். எனவே நியமன அதிகாரத்தை அப்படியே வார்டு உறுப்பினரிடம் கொடுப்பது தீர்வாகாது.

சட்டத்தில் வேறு கதவுகள் இருக்கின்றன. ஆரம்பக் கல்வியில் தாய்மொழி வசதி செய்து தர முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொல்கிறது. 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும். கிராமசபை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். எந்தப் பள்ளியில் எத்தனை தமிழ் வழிப் பணியிடம் எத்தனை மாதமாகக் காலி என்று அங்கே கணக்குக் கேட்டுத் தீர்மானம் போட யார் தடையும் இல்லை.

வடகோடியில் காசர்கோட்டுக் கன்னடர்கள் இதில் முந்திக்கொண்டார்கள். 2017-ல் மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் வந்தபோதும், கன்னட வழி வகுப்புகளுக்குக் கன்னடம் தெரியாத ஆசிரியர்கள் அனுப்பப்பட்டபோதும் அவர்கள் தெருவில் இறங்கினர். எல்லைத் தமிழர்களிடம் அந்த ஒற்றுமை தென்படுவதில்லை.

அதற்கும் காரணம் இருக்கிறது. பெற்றோரின் கணக்கு எளியது. கேரளத்தில் அரசு வேலை வேண்டுமானால் மலையாளம் வேண்டும். வெளியே போக இங்கிலீஷ் வேண்டும். தமிழ் படித்தால்? சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை உண்டு. அதற்கு மேல் என்ன என்று கேட்டால் பதில் சொல்லப் பலர் தயங்குகிறார்கள். மலையாளம் கற்பதை இங்கே யாரும் எதிர்க்கவில்லை. ஆனால் வீட்டில் ஒரு மொழி, கரும்பலகையில் இன்னொரு மொழி என்று ஆறு வயதில் தடுமாறும் குழந்தை எந்த மொழியிலும் தேறுவது கடினம். தமிழ் வழி வகுப்பு அந்தக் குழந்தைக்கு ஏறிப்போக ஒரு படிக்கட்டு. ஆசிரியர் இல்லாத தமிழ் வழி வகுப்போ, அந்தப் படிக்கட்டும் இல்லாமல் செய்துவிடுகிறது. பிள்ளையை வேனில் ஏற்றித் தனியார் பள்ளிக்கு அனுப்ப முடிந்தவர்கள் அனுப்புகிறார்கள். தினக்கூலியில் வாழ்பவருக்கு அந்த வழியும் இல்லை.

கட்சிகளுக்கும் இது வசதி. கூரை போட்டால் கல்வெட்டில் பெயர் வரும். காலிப் பணியிடத்தை நிரப்பச் சொல்லி நாலு கடிதம் எழுதினால் எதிலும் பெயர் வராது. எல்லைப் பஞ்சாயத்துகளில் அவ்வப்போது வார்டுகளைப் பிடித்திருக்கும் அ.தி.மு.க.வும் இதற்கு விதிவிலக்கு அல்ல.

2025 டிசம்பர் 9 அன்று இடுக்கியும் 11 அன்று பாலக்காடும் மீண்டும் ஓட்டுப் போட்டன. வழக்கம்போல ஒவ்வொரு கிராமத்து வாக்காளருக்கும் மூன்று ஓட்டு. கிராமப் பஞ்சாயத்துக்கு வெள்ளை, பிளாக்குக்கு இளஞ்சிவப்பு, ஜில்லாவுக்கு நீலம். மூன்றில் இரண்டு, முதலாவதும் கடைசியும், பிள்ளையின் பள்ளிக்கூடத்தைத் தொடுபவை. ஓட்டுப் போட்டவர் வெளியே வந்த கட்டடமும் பெரும்பாலும் அதே பள்ளிக்கூடம்தான். ஓட்டு எண்ணி முடிந்ததும் பெஞ்சுகள் பழைய இடத்துக்குத் திரும்பும், பிள்ளைகள் வருவார்கள். புதிய உறுப்பினரிடம் முதல் கிராமசபையில் கூரையைப் பற்றி நிச்சயம் ஒருவர் கேட்பார். டீச்சரைப் பற்றி ஒருவர் எழுந்து கேட்டால், அதுவும் குறிப்பேட்டில் ஏறினால், அந்த ஓட்டுக்கு இன்னும் கொஞ்சம் மதிப்புக் கூடும்.